மாமனார் ஊற்றிய எண்ணெய்

எங்கள் வீட்டுக் காருக்குச் சனிக்கிழமையில்தான் எண்ணெய் மாற்றுவார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் சனி என்பதால் காருக்கும் அதுவே நாள் என்று என் மாமனார் வைத்துவிட்டார். "கார் பொம்பளயா இருந்துட்டா? அப்ப வெள்ளிக்கிழமதான செய்யணும்?" என்று என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, சமையல்கட்டில் இருந்தபடியே ஒருமுறை கேட்டாள். மாமனார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு எண்ணெ கொறஞ்சா இன்னா கத்து கத்துது பாரு. ஆம்பளதாம்மா இது" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் என் மூத்தார், மாமனாரின் மூத்த பிள்ளை.

குருவிநத்தத்தில் ஆற்றோரம் எங்களுக்குக் கரும்பும் நெல்லும். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், புதுச்சேரியில் ஜட்ஜாக இருந்த ஒரு துரை கப்பலேறும் முன் தன் காரை விற்றார். உலகச் சண்டைக்கு முந்திய காலத்து வண்டி. எங்களிடம் வரும்போதே அதற்கு நல்ல வயதாகியிருந்தது. கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, உள்ளே தோல் மெத்தை, ஜன்னலுக்குப் பட்டுத் திரை. கொம்யூன் என்ற பிரெஞ்சு ஊராட்சி ஆபீசில் துரைமார் உட்கார்ந்திருக்க மாமனார் நின்றுகொண்டே பேசிய காலம் உண்டு. அந்தத் துரைமார் சாய்ந்த மெத்தையில் தானும் சாய வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி இருந்திருக்க வேண்டும். என் கணவர் ஓட்ட, பின்னால் இவர் அமர்ந்து பாகூர் ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வருவார்கள். போன காரியம் ஒன்றும் இருக்காது. வீட்டில் யானையைக் கட்டிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு என் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அப்போது அவள் மழலை மாறாத பிள்ளை. காய்ச்சல் இறங்கியபோது அவளுடைய வலது காலையும் கூடவே கொண்டுபோய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். கால் துணிபோலத் தொங்கியது. பிறகு முழங்காலில் மடங்கி, மடங்கியபடியே நின்றுவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு போட்டார். வாரம் தவறாமல் போக வேண்டும். பழைய கட்டை அறுத்து, காலை ஒரு நெல்லளவு நிமிர்த்தி, புதுக் கட்டு போடுவார். அவள் அலறுவாள். அடுத்த வாரம் இன்னொரு நெல்லளவு. "கட்டு மாத்தற நாள மட்டும் தள்ளிப் போடாதீங்க. தள்ளினா நிமிந்ததெல்லாம் திரும்ப மடங்கிடும். அப்பறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல" என்று முதல் நாளே சொன்னார்.

அப்போதுதான் அந்த யானைக்கு ஒரு வேலை கிடைத்தது. நீட்டிய காலோடு, கட்டை போலக் கட்டிய பிள்ளையைப் பஸ்ஸில் எங்கே வைப்பது? மாட்டு வண்டியில் போட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் கட்டு விரிசல் விடும். காரின் பின் சீட்டில் அவள் ஒரு கதவு ஓரம் முதுகைச் சாய்த்தால் கால் மறு கதவு வரைக்கும் நீளும். நடுவில் நான் தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்வேன். துரைசாணி கவுன் கசங்காமல் உட்காருவதற்குப் பண்ணிய இடம் என் பிள்ளையின் காலுக்குச் சரியாக இருந்தது. மாமனார் அன்றிலிருந்து ஏரிக்கரைச் சவாரியை நிறுத்திக்கொண்டார். "அது பேத்தி வண்டி. தேய விடக்கூடாது" என்றார்.

தேயாமல் இருக்க வேண்டுமானால் எண்ணெய். அது ஒன்றைத்தான் துரையின் டிரைவர் வண்டியை ஒப்படைக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கெட்டியான எண்ணெயாக இருக்க வேண்டும், மருந்து கலக்காத எண்ணெயாக இருக்க வேண்டும், மீட்டரில் ஐந்நூறு கிலோமீட்டர் ஏறியதும் முழுசாக இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் எண்ணெயை வடிகட்ட ஏதோ வைத்திருக்கிறார்களாம். இதில் அடியில் ஒரு சல்லடை மட்டும்தான். இத்தனை வருஷத்துக் கரியும் அழுக்கும் உள்ளே ஓரங்களில் ஒட்டிக் கிடக்கிறது, அதைக் கிளப்பிவிட்டால் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும், அதனால் தூங்குகிற அழுக்கைத் தூங்க விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் இதை வேதம் போலப் பிடித்துக்கொண்டார்.

துரையின் வண்டியோடு வந்த பிரெஞ்சு எண்ணெய் டின்கள் சில காலம் ஓடின. அவை தீரப்போகும்போதுதான் தெரிந்தது, அந்த எண்ணெய் இனி வராது என்று. கப்பல் நின்றுவிட்டது. கொடி மாறியதில் எங்கள் வீட்டுக்கு நேர்ந்த முதல் கஷ்டம் அதுதான். மாமனார் ஒரு தைலப் புட்டியில் கொஞ்சம் பிரெஞ்சு எண்ணெயை எடுத்துக்கொண்டு புதுச்சேரி, கடலூர் என்று கடை கடையாக ஏறினார். ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் வாங்கி வருவார். கொல்லையில் வாழையிலையை நறுக்கிச் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் பழைய எண்ணெயில் ஒரு சொட்டு, பக்கத்தில் புதியதில் ஒரு சொட்டு. எது முந்தி ஓடுகிறது என்று குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் சேர்ந்து ஓடியது உச்சி வெயிலில் முந்திக்கொண்டு ஓடினால் அது வேண்டாம். "வெயில்ல தண்ணியாப் பூடுது. எஞ்சின் சூட்டுக்கு இன்னா நிக்கும்?" என்று கையை உதறுவார். கடைசியில் கடலூரில் ஒரு கடைக்காரர் வைத்திருந்த சாதா எண்ணெய், வெயிலிலும் நிழலிலும் பிரெஞ்சு எண்ணெயோடு கூடவே ஓடியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேத்திக்கு வரன் அமைந்துவிட்டது என்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

இறக்கிய கறுப்பு எண்ணெய் வீணாகாது. கரும்பு வண்டிக்காரர்கள் மூங்கில் குழாயோடு வந்து நிற்பார்கள். அச்சுக்குப் போடுவதற்கு அதைவிட நல்ல மை கிடையாது என்பார்கள். குருவிநத்தத்திலிருந்து அபிஷேகப்பாக்கம் வரைக்கும் எங்கள் கார் எண்ணெயில் ஓடிய வண்டிகள் இருந்தன. கரும்பு வெட்டும் காலத்தில் அவர்கள் வந்து நின்றுவிட்டால், ஐந்நூறு ஏறாவிட்டாலும் மாமனார் எண்ணெயை இறக்கிவிடுவார். இல்லை என்று சொல்லி அனுப்ப அவருக்கு வராது. அதனால் அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றும் நாள் முந்தியிருக்குமே தவிர ஒருநாளும் பிந்தியதில்லை.

என் மகளின் முழங்கால் அப்போது பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தது. இப்படியே போனால் மழைக்காலம் முடிவதற்குள் நேராகிவிடும், பிறகு இரும்புச் சட்டம் போட்டு நடக்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாழ்க்கையில் ஒரு வெள்ளாமையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அறுவடைக்குக் காத்திருந்தது நான் அந்த ஒருமுறைதான்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மாமனார் தன் கையாலேயே எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினார். அடுத்த சனிக்கிழமை அவர் இல்லை. கரும்புத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தோம். மூத்தார் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வருஷத் திவசம் முடிகிற வரைக்கும் எண்ணெய் கிடையாது என்றார். எங்கள் ஊரில் அப்படி ஒரு கட்டு யாருக்கும் கிடையாது. கொள்ளி வைத்த பிள்ளை, அவராக வைத்துக்கொண்டது. ஒருவேளைதான் சாப்பிட்டார். வெறும் தரையில் படுத்தார். தலைமயிர் வளர்ந்து தேங்காய் நார் போல வறண்டு நின்றது. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தன் தலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

மீட்டரில் ஐந்நூறு ஏறியதும் என் கணவர் எண்ணெய் இறக்கத் தட்டை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். மூத்தார் கூடத்திலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாடா பண்ற?"

"ஆயில் மாத்தணும்ணா. ஐநூறு ஏறிடுச்சி."

"நைனா தலையில எண்ணெ வெச்சிப் பாத்த வண்டிடா அது. அவருக்கு வருசம் திரும்பல, அதுக்கு எண்ணெ ஸ்நானம் கேக்குதா?"

என் கணவர் அடியிலிருந்து வெளியே வந்தார். தட்டைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் வைத்தார். அவ்வளவுதான் அவர். அண்ணன் குரல் கேட்டால் தன் நாக்கை எங்காவது மறந்து வைத்துவிட்டு வந்தவர் போல ஆகிவிடுவார்.

மூத்தாருக்கு எதிரே நின்று பேசுவது எங்கள் வீட்டு மருமகள்களுக்கு வழக்கமில்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் கதவுக்குப் பின்னால். சொல்ல வேண்டியதை ஓரகத்தியிடம் சொல்வேன், அவர் காதில் விழும். அவர் தன் மனைவியிடம் பதில் சொல்வார், என் காதில் விழும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது.

"அக்கா, முறுக்கு சுட்ட எண்ணெய எறக்காம அதும் மேலயே புதுசு புதுசா ஊத்தினா இன்னா ஆவும்? நொரச்சிப் பொங்கி சட்டியே பாழாப் பூடும். இந்த எஞ்சினும் அதானக்கா. புள்ள காலு அந்த வண்டியில போவுதுக்கா."

கூடத்திலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. கோபமாக வரும் என்று இருந்தேன். அழுகிற குரலாக வந்தது.

"அது நைனா கையால ஊத்துன எண்ணென்னு சொல்லு. அவரு தொட்டதுன்னு இந்த வூட்ல மிச்சம் அதான் ஓடிக்கினு இருக்குது. அத எறக்கி எவன் வண்டி அச்சுலயோ தடவச் சொல்றாளா? கொறஞ்சா மேல ஊத்திக்கட்டும். எறக்கறது திவசத்துக்கப்பறம்."

ஓரகத்தி என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். அழுகிற ஆம்பளையிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். செத்தவர் மேல் உள்ள பாசத்தைக் கொண்டுவந்து உயிரோடு இருக்கிற பிள்ளையின் காலில் கட்டுகிறாரே என்று உள்ளுக்குள் குமைந்தேன். கும்பிட்டுக் கேட்டாலும் அவர் அசையமாட்டார் என்று தெரிந்தது.

அப்படியே வாரா வாரம் போய் வந்தோம். ஆடி, ஆவணி போயிற்று. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் தார் மாதிரி இழுத்தது. அளவு வேறு குறைந்துகொண்டே வந்தது. மேலே ஊற்றுவதற்கு எண்ணெய் வாங்க என் கணவர் கடலூர் போனார். மாமனார் தேர்ந்தெடுத்த சாதா எண்ணெய் அந்தக் கடையில் இல்லை. இனி அதை யாரும் கேட்பதில்லை, புதுசு வந்திருக்கிறது என்று வேறு டின்களைக் கொடுத்திருக்கிறார்கள். என் கணவர் முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார்.

"இதுல மருந்து போட்டிருக்குதாம். ஓட ஓட உள்ளயே கழுவிக்கினு வருமாம். எறக்காமயே சுத்தமாயிடும். அண்ணன் சொன்னதும் ஆச்சி, வண்டிக்கும் ஆச்சி."

"அழுக்கக் கௌப்பக் கூடாதுன்னு அந்த டிரைவரு சொன்னாருன்னு மாமா சொல்லுவாரே?"

"அது அந்தக் காலத்து ஆயிலுக்கு. நாம எறக்காத வண்டிக்கு இதான் சரி. உள்ள கெடக்கறது கழுவிக்கினாவது கெடக்கட்டும்."

அப்பா செய்தது போலவே வாழையிலையை நறுக்கி வைத்து அவரும் சொட்டு விட்டுப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தே ஓடின. வேறு என்ன செய்வார் பாவம், அவருக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான். மருந்து இருக்கிறதா இல்லையா என்று வாழையிலை எப்படிச் சொல்லும்? அண்ணனோடு சண்டை போடாமல் பிழைக்க ஒரு வழி கிடைத்துவிட்ட நிம்மதி அவருக்கு. ஊற்றினார்.

முதல் சில நடைகள் எஞ்சின் பூப்போல ஓடியது. "பாத்தியா?" என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பார். மகள் சீட்டில் கிடந்தபடி அவரோடு சேர்ந்து சிரிப்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முழங்காலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்தாம்மா. மழையிலயும் விடாம வந்துடுங்க" என்றார்.

ஐப்பசியில் அடைமழை. அன்றைக்குக் கன்னியக்கோயில் தாண்டியதுமே எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. எதிரே பலகையில் எண்ணெய்க்கென்று இருக்கும் முள் படுத்துவிட்டது. "நிறுத்துங்க" என்றேன். "தவளக்குப்பம் போயிட்டா யாரையாவது பாக்கலாம். இங்க நடு ரோட்ல மழையில நின்னு இன்னா பண்றது? டாக்டரு போயிடுவாரு" என்றார். அதுவும் நியாயம்தான். தட்டும் சத்தம் இடியாயிற்று. தவளக்குப்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், உள்ளே எதுவோ முறிந்தாற்போல ஒரு சத்தத்தோடு வண்டி நின்றது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஒருமுறைகூடச் சுழலவில்லை.

கதவு இடுக்கிலும் கூரை ஓரத்திலும் பழைய காரின் ரப்பர் எல்லாம் செத்துப் போயிருந்தன. நின்ற வண்டிக்குள் மழை ஒழுகியது. பட்டுத் திரையைப் பிய்த்துக் கட்டின் மேல் போட்டேன். என் முந்தானையைப் போட்டேன். கடலூர் பஸ்கள் நிரம்பி வழிந்துகொண்டு போயின. ஒன்றும் நிற்கவில்லை. மாவுக்கட்டு நனைய நனையக் களியாகிறது, விரல் பட்டால் பிசைந்த மாவு போல அமுங்குகிறது, நான் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மகள் அழவில்லை. "டாக்டரு மாமா திட்டுவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் அபிஷேகப்பாக்கத்துக்காரர், மாமனாரைத் தெரிந்தவர். தன் கோணிச் சாக்குகளையெல்லாம் பிள்ளைக்கு அடியில் பரப்பினார். வீடு வரைக்கும் அச்சு ஊளையிட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தில் பேசவே முடியவில்லை. அவரே திரும்பிச் சொன்னார்: "ஐயா இருந்த வரிக்கும் உங்க வூட்டு ஆயிலு கெடைக்கும். இந்த வருசம் ரெண்டு வாட்டி வந்து நின்னேம்மா, எறக்கலன்னு சொல்லிட்டாங்க. இன்னா கத்து கத்துது பாரு." என் கணவர் வண்டியின் பின்னால் மழையில் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காரை மாடுகள் கட்டி இழுத்து வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அடித்தட்டைக் கழற்றினார். சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு. வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த அழுக்கைப் புது எண்ணெய் கரைத்துக் கொண்டுவந்து அங்கே அப்பியிருந்தது. எண்ணெய் மேலே ஏற வழியில்லாமல் பேரிங் உருகிவிட்டது. பழசை அடியோடு இறக்கிவிட்டு மருந்து எண்ணெயை ஊற்றி, வாரத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம், இல்லை சாதா எண்ணெயையே வைத்திருக்கலாம், இரண்டையும் கலந்து இறக்காமல் விட்டதுதான் கெடுத்தது என்றார். சாமான் பிரான்சிலிருந்து வர வேண்டும், இப்போது யார் அனுப்புவார்கள் என்று, சேற்றோடு தட்டைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எஜமான் போன துக்கத்தில் வண்டியும் நின்றுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மூத்தாரும் அதையே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்கிறவர்களுக்கு உருக்கமாக இருந்தது. எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போல இருந்தது. துக்கமாம்! எண்ணெய் இறக்காத வண்டி நிற்காமல் என்ன செய்யும்?

வாடகைக் கார் ஒன்று பிடித்துப் போனோம். சின்ன வண்டி, பிள்ளையைக் குறுக்கே மடியில் கிடத்திக்கொண்டு போனேன். டாக்டர் நனைந்த கட்டை அறுத்தார். களியாகி உலர்ந்த மாவு முழங்காலுக்குப் பின்னால் உராய்ந்து உராய்ந்து தோலைத் தின்றிருந்தது. புண் ஆறாமல் கட்டு போட முடியாது என்றார். கட்டில்லாத காலோடு வீட்டுக்கு வந்தோம். அதற்குள் ஏரி நிறைந்து ரோடு அறுத்துக்கொண்டது. வாடகைக் காரும் வரமாட்டேன் என்றது. நான் பகலெல்லாம் அந்தக் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூங்கி விழித்துப் பார்த்தால் மடங்கியிருக்கும். என் கண்ணெதிரே அது நாளுக்கு நாள் பின்னால் போனது. நெல்லளவு நெல்லளவாக ஏறியது, கைப்பிடி கைப்பிடியாக இறங்கியது.

புதுச்சேரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு தங்கிவிடுகிறேன் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து மருமகள் புது அடுப்பு மூட்டுவது ஆகாது என்று பதில் வந்தது. என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தை பிறந்து ரோடு காய்ந்தபோது மறுபடி போனோம். டாக்டர் முழங்காலை ஒருமுறை அசைத்துப் பார்த்தார், இரண்டாவது முறை அசைத்துப் பார்க்கவில்லை. உள்ளே நரம்பெல்லாம் சுருங்கி இறுகிவிட்டது, இனி நிமிராது, கம்பு ஊன்றிப் பழக்குங்கள் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்தேன். உலகத்தில் எனக்கு இனிமேல் எதுவும் வேண்டியதில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் என்னை விட்டு முழுதாகப் போனதாகச் சொல்ல முடியாது.

இந்தப் பேச்சையெல்லாம் மகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. கார் ரிப்பேர், அதனால்தான் போகவில்லை என்றே அவளுக்குத் தெரியும். அவள் கையால் ஊன்றித் தரையில் நகர்ந்து போய், மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்கும் காரின் சக்கரத்தைத் தட்டிவிட்டு வருவாள்.

வைகாசியில் திவசம் வந்தது. முடிந்த மறு சனிக்கிழமை காலை மூத்தார் ஒரு வருஷத்துக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார். அதே ஈரத் தலையோடு கையில் டின்னோடு காரண்டை போனார். எங்கெங்கோ அலைந்து மாமனார் தேர்ந்தெடுத்த அதே சாதா எண்ணெயைத் தேடிப் பிடித்திருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடியில் படுத்து அவரே எண்ணெய் இறக்கும் திருகாணியைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். கூழ் போல ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, அதில் உருகிய பேரிங்கின் துகள் மினுமினுத்தது. தன் நைனா ஊற்றியதைத் தேடுகிறவர் போலத் தட்டில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, பானெட்டைத் திறந்து, புது எண்ணெயை ஊற்ற ஆரம்பித்தார். நானும் ஓரகத்தியும் கொல்லை வாசலில் நின்றிருந்தோம். என் கணவர் தூரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் மகள் நகர்ந்து வந்து அவர் காலடியில் நின்றாள். ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிப்பா, எண்ணெ ஊத்தியாச்சா? இனிமே கட்டு மாத்தப் போலாமா?"

அவர் கை நின்றது. டின் சாய்ந்தபடியே இருக்க, எண்ணெய் எஞ்சின் மேலே வழிந்து தரையில் இறங்கியது. அவர் ஓரகத்தியைப் பார்த்தார். எனக்குப் போகும் பதிலை அவளிடம் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம்.

நான் வாசலைத் தாண்டி அவருக்கு எதிரே போய் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுவே முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான்.

"அவ உங்களத்தான் கேக்கறா. நீங்களே சொல்லுங்க."

அவர் டின்னை நிமிர்த்தி அதன் மூடியைத் தேடினார். எண்ணெய் வைத்த தலை வெயிலில் பளபளத்தது.

பதில் வராததை மகள் சரி என்று எடுத்துக்கொண்டாள். கதவை எட்டித் திறந்து, கையால் இழுத்து ஏறி, பின் சீட்டில் தன் இடத்துக்குப் போனாள். ஒரு கதவு ஓரம் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மடங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து, மறு கதவுப் பக்கம் நீட்டப் பார்த்தாள். அது போகவில்லை. மறுபடி பிடித்து நீட்டினாள்.

"அம்மா, நீ ஏறலியா?" என்றாள்.